நோயாளியின் மனத்துக்கும் மருந்து உண்டு

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எங்கள் தோழி ஒருத்தி மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து, ஒரு டஜன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனோம். தலையில் துணி கட்டிக்கொண்டு அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருக்கு ஏற்றிய மருந்தினால் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. புளிப்பான பழத்தைத் தொடவே முடியாது என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களில் ஒருத்தி, "பயப்படாதீங்க ஆன்ட்டி, தைரியமா இருந்தா எந்த வியாதியும் ஓடிப்போயிடும்" என்றாள். அவரும் சிரித்தார். நல்ல வார்த்தை சொல்லிவிட்டோம் என்று நாங்களும் மகிழ்ந்தோம்.

வாசல்வரை வந்த தோழி சொன்னதைக் கேட்டபோதுதான் எங்கள் மகிழ்ச்சி போயிற்று. "தினமும் யாராவது வந்து இதையேதான் சொல்றாங்க. அவங்க போனதும் அம்மா அழறாங்க. எனக்குத் தைரியம் பத்தலை, அதனாலதான் சீக்கிரம் குணமாகலையோன்னு கேக்கறாங்க" என்றாள்.

அதன் பின்னர் எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடமும் நூலகத்தைக் கவனிக்கும் சிஸ்டரிடமும் கேட்டும் படித்தும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இம்மலரில் எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தைரியத்தைப் பற்றி. மன உறுதி இருந்தால் புற்றுநோயாளி அதிக நாள் வாழ்வாரா என்பதை விஞ்ஞானிகள் உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1989-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார். வாரந்தோறும் ஒன்றாக அமர்ந்து மனம்விட்டுப் பேசிய பெண்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததாக அதில் கண்டிருந்தது. உலகமே வியந்தது. ஆனால் 2001-இல் கனடா நாட்டில் 235 பெண்களை வைத்து அதே முறையைச் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. அப்படியானால் அந்தப் பேச்சு வீணா? இல்லை. அந்தப் பெண்களின் மனத்துயரம் தணிந்தது. வலியின் கடுமையும் குறைவாகத் தோன்றியது. ஆகவே மன ஆறுதல் என்பது கட்டியைக் கரைக்கும் மருந்தன்று. கட்டியோடு வாழும் மனிதருக்கான மருந்து. நோயாளி அழுதால் நோய் பெருகிவிடும் என்று யாரும் மிரட்ட வேண்டியதில்லை. இதை எங்கள் தோழியிடம் சொன்னபோது அவள் எழுதித் தரச் சொல்லி வாங்கிப்போய் அம்மாவிடம் காட்டினாள்.

உடல் வலியையும் மன வலியையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று முதலில் அழுத்திச் சொன்னவர் இங்கிலாந்து நாட்டு சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1918-இல் பிறந்த இவர் முதலில் செவிலியாக இருந்தார். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, ஆஸ்பத்திரியில் சமூக சேவகியானார். 1948-இல் லண்டனில் டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு அகதி புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். ஊரும் உறவும் இல்லாத அவரிடம் சாண்டர்ஸ் அடிக்கடி போய்ப் பேசிக்கொண்டிருப்பார். இறப்போர் அமைதியாக இருக்க ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்களாம். அந்த இல்லத்தில் ஒரு சன்னலாகத் தாம் இருக்க வேண்டுமென்று சொல்லி, அந்த ஏழை மனிதர் 500 பவுன் பணத்தை அவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். சன்னல் வந்துவிட்டது, வீடுதான் வரவில்லை!

அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. மருத்துவரானால்தான் தம் சொல் எடுபடும் என்று கண்ட சாண்டர்ஸ், மறுபடியும் கல்லூரியில் சேர்ந்து 1957-இல் டாக்டரானார். (எங்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வே மலையாகத் தெரிகிறது.) பிறகு லண்டனில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் வேலை செய்தார். அங்கேதான் வலி வந்து நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மார்பின் மருந்தைக் கொடுக்கும் முறையைச் சீர்படுத்தினார். 1967-இல் அவர் எண்ணிய இல்லம் எழுந்தது. பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்டோபரின் பெயரை அதற்குச் சூட்டினார். டாஸ்மாவின் நினைவாக ஒரு சன்னலும் அங்கே உண்டு. உடலின் வலி, மனத்தின் கலக்கம், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, ஆன்மாவின் ஏக்கம் ஆகிய யாவும் சேர்ந்ததே முழு வலி என்பது அவர் போதனை. 2005-இல் அவரே புற்றுநோயால் அதே இல்லத்தில் காலமானார்.

மார்பினைப் போல மற்றொரு கேள்வியும் ஆஸ்பத்திரிகளைக் குழப்பியது. நோயாளியிடம் உண்மையைச் சொல்லலாமா? 1961-இல் சிக்காகோ நகர மருத்துவர்களைக் கேட்டபோது 100-க்கு 90 பேர் சொல்லாமலிருப்பதையே விரும்பினர். 1979-இல் அமெரிக்காவில் வேறொரு மருத்துவர் குழுவைக் கேட்டபோது 97 பேர் சொல்லவே விரும்பினர். பேசத் தொடங்கிய பின்னர்தான் நோயாளியின் மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் முடிந்தது. ஜிம்மி ஹாலண்ட் என்ற அம்மையார் 1977-இல் நியூயார்க் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் இதற்கென்றே மனநலப் பிரிவை அமைத்தார். காய்ச்சலை அளப்பது போல மனத்துயரத்தை அளக்க ஒரு காகிதத் தெர்மாமீட்டரும் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. 0 முதல் 10 வரை கோடிட்ட படம் அது. சென்ற வாரம் எவ்வளவு துயரம் என்று நோயாளியே வட்டமிட வேண்டும். 4-ம் அதற்கு மேலும் என்றால் மேலும் விசாரித்து உதவுவார்கள்.

நம் வீடுகளில் இன்னும் 1961-ஆம் ஆண்டுதான் நடக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. தோழியின் வீட்டில் அம்மாவுக்கு விவரம் தெரியும்; முதல் வகுப்புப் படிக்கும் தம்பிக்குத்தான் மறைத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று பாட்டி சொல்லிவிட்டார். அவன் சாப்பிட மறுத்தான். படுக்கையை நனைக்கத் தொடங்கினான். அப்பா அவனை ஆஸ்பத்திரி ஆலோசகரிடம் அழைத்துச் சென்றார். அவர் ஒன்றும் கேட்காமல் வண்ணப் பென்சில் கொடுத்து வீட்டைப் படமாக வரையச் சொன்னாராம். அவன் அம்மாவை வீட்டுக்கு வெளியே, வெகு தூரத்தில் வரைந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "நான் டம்ளரை உடைச்சேன், அதான் அம்மா போயிட்டாங்க" என்றான்.

பெரியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளைகள் தாமாகவே நிரப்பிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு. ஆலோசகர் அவனிடம் நோயின் பெயரைச் சொன்னார். இது அவன் செய்ததால் வந்ததல்ல, அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் ஒட்டிக்கொள்ளாது, அம்மாவுக்கு முடியாத நாளில் அத்தை சோறு ஊட்டுவாள் என்று அவன் வயதுக்கேற்ற சொற்களில் விளக்கினார். அன்றிரவு அவன் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

கோபமும் இந்நோயின் ஒரு பகுதிதான். சுவிட்சர்லாந்தில் பிறந்த எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர், இறக்கும் நிலையிலுள்ளோரின் மனநிலையில் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு ஆகியவற்றைக் கண்டதாக 1969-இல் எழுதினார். எல்லோருக்கும் இதே வரிசையில் வரும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனாலும் காபி ஆறிவிட்டதென்று அம்மா கத்திய நாளில், அது தன் மேலுள்ள கோபமில்லை என்று புரிந்துகொள்ளத் தோழிக்கு இது உதவியது. சோர்வு பல வாரம் நீடித்து, உறக்கமும் பசியும் போய்விட்டால் அறிவுரை போதாது. மனநல மருத்துவரும் மருந்தும் தேவைப்படும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் நாட்டிலும் இப்பணி நடக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்று அங்கே நோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை உள்ளது. பம்பாயில் 1986-இல் சாந்தி அவேத்னா இல்லம் திறக்கப்பட்டது. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்தில் கடைக்காரரும் ஆசிரியரும் இல்லத்தரசிகளும் பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடு தேடிப் போகிறார்கள்.

பயிற்சி இல்லாத நாங்கள் என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாம் முறை போனபோது போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். பழத்துக்குப் பதில் ஆறிய ரவைக் கஞ்சி எடுத்துப்போனோம். "எப்போது குணமாகும்?" என்று கேட்கவில்லை. ஆன்ட்டியே தம் பள்ளி நாட்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். வகுப்புக் குறிப்புகளை முறை வைத்துத் தோழிக்கு எழுதிக் கொடுத்தோம். அவள் ஒருநாள், "எல்லாரும் அம்மா எப்படின்னு கேக்கறாங்க, நான் எப்படின்னு நீங்கதான் கேட்டீங்க" என்றாள். உண்மையில் அதை முதலில் கேட்டவள் எங்களில் மிகக் குறைவாகப் பேசுபவள்.

சிகிச்சை முடிந்து ஆன்ட்டிக்கு இப்போது முடி வளர்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறார். அந்த வாரம் வந்தால் தோழி யாரோடும் பேச மாட்டாள். சாப்பாட்டு மணி அடித்ததும் எங்களில் இருவர் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அவள் பேசினால் பேசுவோம், இல்லாவிட்டால் சாப்பிடுவோம்.