முதுமையும் அறிவும்

வயதானால் புத்தி மங்கும் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். இதை ஆராய்ந்தவர் வார்னர் ஷாய் என்னும் உளவியல் அறிஞர். 1928இல் ஜெர்மனியில் பிறந்த இவர், சிறுவயதில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி ஷாங்காய்க்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார்.

1956இல் சியாட்டில் நகரில் சுமார் 500 பேரின் அறிவுத்திறனைச் சோதித்தார். 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களையே மீண்டும் சோதித்தார். இளைஞரோடு ஒப்பிட்டால் முதியோர் மிகவும் பின்தங்கியே தோன்றினர். அவர்கள் பெற்ற பள்ளிக்கல்வி குறைவு என்பதும் அதற்குக் காரணம். ஒருவரை அவருடைய பழைய நிலையோடே ஒப்பிட்டபோதோ, பெரும்பாலான திறன்கள் 60 வயதுவரை அதிகம் குறையவில்லை!

பின்னர் மனைவி ஷெரி வில்லிஸுடன் சேர்ந்து முதியோருக்கு 5 மணி நேரப் பயிற்சி அளித்தார். பலர் இழந்த திறனை மீட்டனர்.

படிக்க வாய்ப்பில்லாத பாட்டிமாரை அறிவு குறைந்தவர்கள் என்று இனி நாம் எண்ணலாகாது.