வீட்டுத் தொலைபேசி இன்னும் வேண்டுமா?

"கைபேசி இருக்கும்போது வீட்டுத் தொலைபேசிக்கு வாடகை எதற்கு?" என்று சென்னையிலிருந்து என் அன்னையார் கேட்டார். அவர் தனியே வாழ்கிறார். நானோ தில்லியில் படிக்கிறேன். ஆதலின் விடையை இயற்பியலில் தேடினேன்.

பழைய தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கல அடுக்கு, ஏறத்தாழ 48 வோல்ட் அழுத்தத்தில் செம்புக் கம்பி வழியே மின்சாரம் அனுப்புகிறது. வீடு இருண்டாலும் பேசலாம்.

கைபேசிக் கோபுரத்திலும் மின்கலம் உண்டு. மின்தடை நீடித்தால் அது தீர்ந்துவிடும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல இடங்களில் கைபேசிகள் செயலற்றுப் போயின.

அப்படியாயின் கம்பித் தொலைபேசியே மேல் அன்றோ? பொறுங்கள். இன்று பல வீடுகளுக்கு வருவது கண்ணாடி இழை. அது ஒளியைக் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. ஒளியைப் பேச்சாக மாற்றும் பெட்டி வீட்டு மின்சாரத்தில்தான் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் தொலைபேசியும் ஊமையாகும்.

எனவே நண்பர்களே, இணைப்பைத் துண்டிக்குமுன் வீட்டிற்கு வருவது செம்பா, கண்ணாடியா என்று பாருங்கள். செம்பாயின் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியாயின் அந்தப் பெட்டிக்கு ஒரு மின்கலம் வாங்கிவையுங்கள். எங்கள் வீட்டில் கண்ணாடி. அடுத்த மழைக்குமுன் மின்கலம் வாங்கியாக வேண்டும்.