பரிசு வவுச்சரும் வீட்டுச் செலவும்: கழிவு யார் கைக்குப் போகிறது?

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர், பொங்கலுக்கோ நத்தாருக்கோ பணத்துக்குப் பதிலாக ஒரு சுப்பர் மார்க்கட்டின் பரிசு வவுச்சரை அனுப்புகிறார். கம்பெனியில் வேலை செய்யும் மகனுக்கு வருட முடிவில் சம்பளத்துடன் ஒரு வவுச்சர் கிடைக்கிறது. அதில் 5,000 ரூபா என்று அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் கரண்ட் பில் நிலுவையில் இருக்கிறது. பிள்ளையின் வகுப்புக் காசும் கொடுக்க வேண்டும். அந்த வேளையில் ஒருவர் வந்து, "4,000 தருகிறேன், அதை எனக்குத் தாருங்கள்" என்கிறார். கொடுக்கலாமா? இன்னொரு நாள் வேறொருவர் அதே மாதிரி வவுச்சர் ஒன்றை 4,500 ரூபாவுக்கு விற்க வருகிறார். வாங்கலாமா?

இந்த இரண்டு கேள்விகளையும் இப்பாடத்தில் ஒவ்வொன்றாக நோக்குவோம். சிறிய விடயம்போலத் தோன்றினாலும், இடம்பெயர்ந்து, இருந்ததை இழந்து, மீண்டும் மீண்டும் அடுப்பு மூட்டிய குடும்பங்களுக்கு 500 ரூபாவும் சிறிய தொகை அல்ல.

இது எமக்குப் புதிதல்ல

பணம் அல்லாத கடதாசியைக் கொண்டு குடும்பம் நடத்துவது எமக்குப் பழக்கமானது. 1979இல் அரிசிக் கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரைத் திட்டம் வந்தது. வயதைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பெறுமதி குறிக்கப்பட்டது. விளக்கெரிக்கவும் சமைக்கவும் மண்ணெண்ணெய் முத்திரை தனியாகக் கிடைத்தது. குறித்த பொருட்களை, கூட்டுறவுக் கடையிலோ அனுமதி பெற்ற கடையிலோதான் வாங்க முடியும். முத்திரையில் அச்சிட்ட தொகை மாறவில்லை. பொருள் விலையோ ஏறிக்கொண்டே போனது. 1982ஆம் ஆண்டளவில் அந்த முத்திரையால் வாங்கக்கூடிய உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. பின்னர் 1995இல் சமுர்த்தி வந்தது. 2023 தொடக்கம் அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்குப் பணமாகவே வருகிறது.

2006இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு உலர் உணவு நிவாரணம் நினைவிருக்கும். அரிசி, மா, பருப்பு, எண்ணெய், சீனி என்று அளந்து கிடைத்தன. ஆனால் மருந்துக்கு அரிசியை நீட்ட முடியாது. பிள்ளையின் கொப்பிக்குப் பருப்பை நீட்ட முடியாது. ஆகவே நிவாரணப் பொருளில் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்கு விற்றுத்தான் மற்றத் தேவைகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

சுனாமிக்குப் பின், 2005 முடிவிலும் 2006 தொடக்கத்திலும், உலக உணவுத் திட்டம் அம்பாந்தோட்டையிலும் மட்டக்களப்பிலும் ஒரு பரீட்சார்த்த முயற்சி செய்தது. சில குடும்பங்களுக்கு உணவுப் பொருளும், வேறு சில குடும்பங்களுக்கு அதற்கு ஈடான காசும் கொடுக்கப்பட்டன. காசு பெற்றவர்கள் உணவின் வகையைக் கூட்டிக்கொண்டார்கள். உடுப்பு, செருப்பு போன்றவற்றையும் வாங்கினார்கள். காசு, வீட்டில் எந்தத் தேவை முந்துகிறதோ அங்கே போகும். கடைக்குள் கட்டுப்பட்ட கடதாசி அப்படிப் போகாது.

இங்கேதான் கழிவின் காரணம் இருக்கிறது. 5,000 ரூபா வவுச்சர் ஒரு கடையில் மட்டுமே 5,000 ரூபா. அந்தக் கடையின் வாசலுக்கு வெளியே அதன் பெறுமதி குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பது, வைத்திருப்பவருடைய அவசரத்தைப் பொறுத்தது. அவசரம் கூடக் கூட, கழிவும் கூடும்.

விற்பவரின் கணக்கு

முதலாவது கேள்விக்கு வருவோம். 5,000 ரூபா வவுச்சரை 4,000 ரூபாவுக்கு விற்றால், 1,000 ரூபா இழக்கிறோம். அதாவது நூற்றுக்கு 20. கரண்ட் பில்லைக் கட்டுவதற்கு இது மிகப் பெரிய கூலி.

விற்பதற்கு முன், "இந்த மாதம் சாப்பாட்டுச் சாமானுக்கு நாம் எப்படியும் எவ்வளவு காசு கொடுக்கப்போகிறோம்?" என்று வீட்டில் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கவேண்டும். அது 5,000 ரூபாவுக்கு மேல் என்றால், வவுச்சரை விற்க வேண்டியதே இல்லை. சீனி, பருப்பு, பால்மா, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம் ஆகியவற்றை வவுச்சருக்கு வாங்குங்கள். அந்தச் சாமானுக்கென்று ஒதுக்கிய காசால் கரண்ட் பில்லைக் கட்டுங்கள். வவுச்சர் பில்லை நேரடியாகக் கட்டாது. ஆனால் பில்லுக்குரிய காசை விடுவித்துத் தரும். இப்படிச் செய்தால் ஒரு சதமும் கழிவாகப் போகாது.

சாமானுக்கும் கையில் காசு இல்லை, பில்லுக்கு நாளைதான் கடைசி நாள் என்றால் என்ன செய்வது? அப்போதும் முதலில் வருபவருக்கு விற்க வேண்டாம். அந்தக் கடையில் வழக்கமாகச் சாமான் வாங்கும் ஒரு ஆசிரியரோ, உத்தியோகத்தரோ, உறவினரோ இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவருக்கு அது பெரும்பாலும் காசேதான். 4,800, 4,900 என்று கேட்டாலும் தரக்கூடியவர் அவர்.

வாங்குபவரின் கணக்கு

இரண்டாவது கேள்வி வாங்குபவருடையது. 5,000 ரூபா வவுச்சரை 4,500 ரூபாவுக்கு வாங்கினால் 500 ரூபா லாபம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

வவுச்சருக்குக் கொடுத்த காசு 4,500 ரூபா.
திருகோணமலைப் பட்டினத்துக்குப் போய்வர பஸ் செலவு 300 ரூபா.
மொத்தம் 4,800 ரூபா.
அதே சாமானை ஊர்க் கடையிலும் சந்தையிலும் வாங்கினால் 4,700 ரூபா.

இந்தக் கணக்கின்படி 100 ரூபா நட்டம். வேறு வேலையாகப் பட்டினத்துக்குப் போகும்போது வாங்கினால், பஸ் செலவு இதில் சேராது. 200 ரூபா மிஞ்சும். ஆகவே லாபமா நட்டமா என்பதை வவுச்சரில் உள்ள இலக்கம் தீர்மானிப்பதில்லை. நாம் வழக்கமாக வாங்கும் சாமான்களின் விலைதான் தீர்மானிக்கிறது.

இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, வவுச்சர் முடியவேண்டுமே என்பதற்காக பிஸ்கட்டும் சோடாவும் வாங்கிச் சேர்த்தால், கழிவு அங்கேயே கரைந்துவிடும். இரண்டாவது, கடன் எடுத்து வவுச்சர் வாங்கக்கூடாது. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 4,500 ரூபா எடுத்தால், முதல் மாத வட்டியே 450 ரூபா. 500 ரூபா கழிவில் மிஞ்சுவது 50 ரூபா மட்டும். இரண்டாவது மாதம் வந்தால் அதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

1. காசு கொடுக்கும் முன், விற்பவருடன் கடைக்கே போய் மிகுதி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பாவித்து முடிந்த அட்டையும் பார்வைக்குப் புதிய அட்டை போலத்தான் இருக்கும்.

2. காலாவதித் திகதியைப் பாருங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 தொடக்கம் பெரும்பாலான பரிசு அட்டைகளுக்குக் காலாவதித் திகதி வைக்க முடியாது. அமெரிக்காவில் 2010 தொடக்கம் குறைந்தது 5 ஆண்டுகள் செல்லுபடியாக வேண்டும். அங்குள்ள உறவினர் அந்த எண்ணத்தில் அனுப்பியிருக்கலாம். உங்கள் கையில் உள்ள வவுச்சரில் எந்தத் திகதி அச்சிடப்பட்டுள்ளதோ, அதையே நம்புங்கள்.

3. வவுச்சரின் இரகசிய இலக்கம்தான் காசு. அதைச் சுரண்டி, போனில் படமெடுத்து எவருக்கும் அனுப்ப வேண்டாம். "வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கிறது, கட்டணத்தைப் பரிசு அட்டையாக வாங்கி இலக்கத்தை அனுப்புங்கள்" என்று எவராவது கேட்டால், அது ஏமாற்று. இந்த மோசடி உலகின் பல நாடுகளில் நடக்கிறது.

4. மீதிக் காசு தருவார்களா, வவுச்சருக்கு என்னென்ன வாங்கலாம், பில் கட்டலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரு கடையில் கரண்ட் பில் கட்டும் வசதி இருப்பதால், அதை வவுச்சரால் கட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

5. உங்கள் பெயரில் உள்ள நிவாரண அட்டை, அஸ்வெசும பணம் எடுக்கும் வங்கி அட்டை ஆகியவை பரிசு வவுச்சர்கள் அல்ல. அவற்றைக் கடனுக்குப் பிணையாக எந்தக் கடையிலும் வைக்க வேண்டாம். இரகசிய இலக்கத்தைச் சொல்லவும் வேண்டாம்.

சேர்ந்து பெறும் கழிவு

ஒருவருடைய அவசரத்திலிருந்து பிறக்கும் கழிவைப் பற்றியே இதுவரை பேசினோம். ஒருவர் பெறும் 1,000 ரூபா, இன்னொரு வீட்டு அடுப்பிலிருந்து போன 1,000 ரூபா. ஆனால் எவரையும் நட்டப்படுத்தாத கழிவும் ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் பலசரக்குக் கடைகளிலிருந்து பரிசு அட்டைகளை மொத்தமாக, நூற்றுக்குச் சில வீதக் கழிவுடன் வாங்குகின்றன. குடும்பங்கள் அவற்றை முழு விலைக்கு வாங்கி, எப்படியும் வாங்கவேண்டிய சாமான்களை அந்தக் கடையிலேயே வாங்குகின்றன. கழிவுப் பணம் பள்ளிக்கூடத்தின் பொது நிதிக்குப் போகிறது. கடைக்கு நிச்சயமான வியாபாரம், குடும்பத்துக்கு நட்டமில்லை.

எமது மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இதை வேறு வடிவில் செய்யலாம். இருபது குடும்பங்கள் ஒரு மாதத்துக்கு வேண்டிய பருப்பையும் சீனியையும் கணக்கெடுத்து, கூட்டுறவுச் சங்கத்துடனோ மொத்தக் கடையுடனோ பேசினால், தனியாகக் கேட்பவருக்குக் கிடைக்காத விலை கிடைக்கும்.

வவுச்சர் விடயத்திலும் சங்கம் நடுவில் நிற்கலாம். காசு அவசரமாக வேண்டியவரிடமிருந்து 5,000 ரூபா வவுச்சரைச் சங்கம் 4,900 ரூபாவுக்கு எடுக்கட்டும். பட்டினத்துக்குப் போகும் அங்கத்தவர் ஒருவருக்கு அதை 4,950 ரூபாவுக்குக் கொடுக்கட்டும். விற்றவர் இழந்தது 1,000 அல்ல, 100. வாங்கியவருக்கு 50 லாபம். சங்க நிதிக்கு 50. கொடுக்கல் வாங்கல் எல்லாம் கொப்பியில் எழுதப்பட்டு, இருவரும் ஒப்பமிட வேண்டும்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது ஊரில் கடந்த வருடம் எவராவது வவுச்சரையோ நிவாரணப் பொருளையோ குறைந்த விலைக்கு விற்றார்களா? எந்தத் தேவைக்காக?

2. உங்கள் வீட்டில் ஒரு மாதம் காசு கொடுத்து வாங்கும் சாமான்களின் பட்டியலை எழுதுங்கள். ஊர்க் கடை, சந்தை, பட்டினக் கடை ஆகிய மூன்றிலும் அவற்றின் விலை என்ன?

3. அவசரத் தேவை உள்ள ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு 5,000 ரூபா கொடுத்து உதவ, எமது சங்க நிதியால் முடியுமா? முடியாவிட்டால், அதற்கு மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும்?