நேரம் எங்கே போகிறது? ஃபயர்பாக்ஸ் ப்ரொஃபைலரைப் படிக்கும் முறை

தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் விழ அரை நொடி ஆகிறது. கோடைத் திறந்து பார்த்தால் எல்லா வரியும் ஒழுங்காகத்தான் தெரிகிறது. பலரும் இந்த இடத்தில் ஊகத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த லூப்பாக இருக்கும், இந்த லைப்ரரியாக இருக்கும் என்று எதையாவது மாற்றி எழுதுகிறார்கள். நாள் போகிறது, வேகம் வருவதில்லை. ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. நேரம் எங்கே செலவாகிறது என்பதைப் பதிவு செய்து, பிரவுசரிலேயே விரித்துப் பார்க்க மொசில்லா ஒரு நல்ல கருவியை இலவசமாகத் தந்திருக்கிறது. அதுதான் ஃபயர்பாக்ஸ் ப்ரொஃபைலர்.

அது எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வழக்கமான அமைப்பில் அது மில்லிநொடிக்கு ஒருமுறை நிரலை எட்டிப் பார்க்கிறது. அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது, அதை அழைத்தது எது, அதற்கும் மேலே யார் என்ற வரிசையைக் குறித்துக்கொள்கிறது. 300 குறிப்புகளில் ஒரு ஃபங்ஷன் தென்பட்டால், அதில் ஏறக்குறைய 300 மில்லிநொடி போயிருக்கிறது என்று பொருள். அது எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று இந்தக் கணக்கு சொல்லாது. ஒரே நீண்ட அழைப்பாகவும் இருக்கலாம், ஆயிரம் குட்டி அழைப்புகளாகவும் இருக்கலாம். எண்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை மனதில் வையுங்கள்.

பதிவு செய்தல்

ஃபயர்பாக்ஸில் ப்ரொஃபைலர் டாட் ஃபயர்பாக்ஸ் டாட் காம் என்ற முகவரிக்குப் போய், மெனு பட்டனை இயக்கும் பொத்தானை அழுத்துங்கள். டூல்பாரில் ஒரு சிறு ஐகான் வந்துவிடும். அதன் அமைப்புகளில் 'வெப் டெவலப்பர்' என்ற தேர்வை எடுங்கள். வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு அது போதும். தேவையில்லாத டேப்களை மூடுங்கள். எக்ஸ்டென்ஷன்களையும் முடிந்தவரை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் வேலையும் பதிவில் கலந்துவிடும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும். பிரச்சினை வரும் செயலை மட்டும் செய்யுங்கள்: பெட்டியில் இரண்டு மூன்று எழுத்து, அவ்வளவுதான். உடனே கன்ட்ரோல், ஷிஃப்ட், 2. புதிய டேப் ஒன்றில் பதிவு விரியும். பதிவு குறுகியதாக இருக்கட்டும். ஐந்து நொடிப் பதிவை ஆழமாகப் படிக்கலாம், ஐந்து நிமிடப் பதிவில் தொலைந்துதான் போவோம்.

சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் பக்கம் என்றால் ஃபங்ஷன் பெயர்கள் ஒற்றை எழுத்துகளாகத் தெரியும். பெயர்கள் அழியாத பில்டில் பதிவு செய்வதே வசதி. ஆனால் சில ஃபிரேம்வொர்க்குகளின் டெவலப்மென்ட் பில்டு கூடுதல் சோதனைகளால் இயல்பாகவே மெதுவாக ஓடும். ஆகவே பெயர்களை மட்டும் சுருக்காமல் விட்டு, புரொடக்‌ஷன் அமைப்பிலேயே பில்டு செய்து ஓட்டுங்கள்.

முதலில் குறுக்குங்கள்

முன்னே விரியும் திரையைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கும். மேல்பாதியில் ஒவ்வொரு புராசஸுக்கும் த்ரெட்டுக்கும் ஒரு பட்டை, கீழ்ப்பாதியில் அழைப்பு மரம். புதிதாக வருகிறவர்கள் நேரே கீழே போய் மரத்தைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். அங்கேதான் சறுக்கல். முழுப் பதிவின் மரத்தில் பக்கம் சும்மா இருந்த நேரம், அனிமேஷன், பின்னணி வேலை எல்லாம் சேர்ந்தே இருக்கும். நமக்கு வேண்டிய அந்த அரை நொடியைப் பிரித்தெடுக்காமல் மரத்தைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பட்டைகளில் உங்கள் தளத்தின் பெயர் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் உள்ள நிறங்கள் வேலையின் வகையைக் காட்டும்: மஞ்சள் ஜாவாஸ்கிரிப்ட், ஊதா லேஅவுட். உயரம் சிபியூ எவ்வளவு உழைத்தது என்பது. எழுத்தைத் தட்டிய இடம் தெரியவில்லையா? கீழே 'மார்க்கர் டேபிள்' தாவலுக்குப் போய், தேடும் கட்டத்தில் 'இன்புட்' என்ற நிகழ்வைத் தேடுங்கள். ஒவ்வொரு தட்டலும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதோடு வரிசையாக நிற்கும். மிக நீளமானதன் மேல் வலது கிளிக் செய்து, அந்த மார்க்கரின் காலஅளவையே தேர்வாக வைக்கச் சொல்லலாம். பிறகு பட்டையின் மேல் தோன்றும் பூதக்கண்ணாடியை அழுத்தினால், திரை முழுவதும் அந்தத் துண்டு மட்டும் மிஞ்சும்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிநொடிதான். குறுக்கிய துண்டு அதைவிட எவ்வளவு நீளம் என்று பார்த்தால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மரத்தைப் படித்தல்

இப்போது 'கால் ட்ரீ' தாவல். ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள். 'ரன்னிங் டைம்' என்பது அந்த ஃபங்ஷனும் அது அழைத்தவையும் சேர்ந்து எடுத்த நேரம். 'செல்ஃப்' என்பது அந்த ஃபங்ஷன் தானே எடுத்த நேரம். முதல் எண் பெரிதாக இருப்பதாலேயே ஒரு ஃபங்ஷன் குற்றவாளி ஆகிவிடாது. வீட்டுச் செலவு முழுவதும் குடும்பத்தலைவர் பெயரில் எழுதியிருப்பதைப் போன்றது அது. பணம் உண்மையில் யார் கையில் கரைந்தது என்று சொல்வது இரண்டாவது எண்தான்.

ஓர் உதாரணம். 2,000 வரிகள் உள்ள பட்டியலை வடிகட்டும் ஒரு ஃபங்ஷன். மரத்தில் அதன் ரன்னிங் டைம் 420 மில்லிநொடி, செல்ஃப் வெறும் 3. வடிகட்டும் கணக்கு மெதுவாக இல்லை என்பது இதிலேயே உறுதி. அந்தக் கணக்கை எப்படி மாற்றி எழுதினாலும் மிச்சமாகப் போவது 3 மில்லிநொடிதான். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து விசைப்பலகையில் நட்சத்திரக் குறியை அழுத்துங்கள். கீழே உள்ள கிளைகள் எல்லாம் ஒரே வீச்சில் விரியும். மேலே ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்களை மட்டும் காட்டும் தேர்வும், மரத்தைத் தலைகீழாக்கும் 'இன்வர்ட் கால் ஸ்டாக்' பெட்டியும் இருக்கின்றன. இரண்டையும் போட்டால், செல்ஃப் அதிகமானது உச்சிக்கு வரும். இங்கே உச்சியில் நிற்பது 'ஆஃப்செட்ஹைட்' என்ற உயரத்தைக் கேட்கும் வரி.

உயரத்தைக் கேட்பதற்கா இவ்வளவு நேரம்? லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரியை மறைத்துவிட்டு, உடனே இன்னொன்றின் உயரம் என்ன என்று பிரவுசரிடம் கேட்கிறோம். சரியான பதில் சொல்ல வேண்டுமானால் அது லேஅவுட்டை அப்போதே மறுபடி கணக்கிட்டாக வேண்டும். அப்படி 2,000 முறை. 'மார்க்கர் சார்ட்' தாவலைத் திறந்தால் 'ரீஃப்ளோ' என்ற சிறு கோடுகள் நெருக்கமாக அடுக்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். ஒன்றின் மேல் சுட்டியை வைத்தால், முந்தைய லேஅவுட்டைச் செல்லாமல் ஆக்கிய வரி எது என்பதும் அழைப்பு வரிசையோடு வரும். உயரங்களை எல்லாம் முதலில் ஒரே சுற்றில் வாங்கி வைத்துக்கொண்டு, மறைக்கும் வேலையை அடுத்த சுற்றில் செய்தால் இந்த நெரிசல் தீரும்.

அதே தரவை 'ஃபிளேம் கிராஃப்' தாவலிலும் பார்க்கலாம். இந்த வடிவத்தை 2011-இல் உருவாக்கியவர் பிரெண்டன் கிரெக். பெட்டி எவ்வளவு அகலமோ அவ்வளவு நேரம். ஆனால் இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது என்று இதைப் படித்துவிடாதீர்கள்; ஒரே அழைப்பு வரிசைகள் எப்போது நடந்திருந்தாலும் இங்கே ஒன்றாகத் திரட்டப்பட்டிருக்கும். எது முன்னால், எது பின்னால் என்று தெரிய வேண்டுமானால் 'ஸ்டாக் சார்ட்' தாவலுக்குப் போங்கள். அங்கே கிடைக்கோடு நிஜமான காலம்.

பிற நிரல்கள்

இந்தப் பார்வைத் திரை ஃபயர்பாக்ஸுக்கு மட்டுமானது அல்ல. குரோமில் எடுத்த பதிவுக் கோப்பையும், லினக்ஸின் பெர்ஃப் கருவி தரும் உரை வெளியீட்டையும் இழுத்துப் போட்டால் திறக்கும். சி, ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதிய நிரல்களுக்கு சாம்ப்ளி என்ற கருவி இருக்கிறது. உங்கள் நிரலை அதன் வழியாக ஓட்டி முடித்தால், பதிவைத் தானே பிரவுசரில் திறந்து கொடுக்கும். ஆப்டிமைசேஷனோடும் டீபக் தகவலோடும் கம்பைல் செய்யுங்கள். டீபக் தகவல் இல்லையென்றால் பெயர்களுக்குப் பதில் ஹெக்ஸ் முகவரிகள் வரக்கூடும். பெர்ஃபில் அழைப்பு வரிசை பாதியில் அறுந்து தெரிந்தால், ஃபிரேம் பாயின்டர்கள் நீக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தத் தொல்லைக்காகவே ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தங்கள் பேக்கேஜ்களில் ஃபிரேம் பாயின்டர்களை மறுபடி இயல்பாகவே சேர்த்துவிட்டன.

பகிரும் முன்

பதிவு உங்கள் கணினியிலேயேதான் இருக்கும். நீங்கள் மேலேற்றினால் ஒழிய வெளியே போகாது. மேலேற்றினால் ஓர் இணைப்பு கிடைக்கும்; அந்த இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கலாம். பதிவில் நீங்கள் திறந்திருந்த பக்கங்களின் முகவரிகளும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் இருக்கக்கூடும். மேலேற்றும் பொத்தானுக்குக் கீழே இவற்றைச் சேர்க்கவா வேண்டாமா என்று கேட்கும் பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்து, தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். குறுக்கிய துண்டை மட்டும் அனுப்பவும் வழி இருக்கிறது. பக்கத்து டேப்பில் வங்கிக் கணக்கு திறந்திருந்த பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள், புதிதாக எடுத்து அனுப்புங்கள்.

திருத்தம் செய்ததும் அதே செயலை, அதே கணினியில், மறுபடி பதிவு செய்யுங்கள். மேலேற்றிய இரண்டு பதிவுகளின் இணைப்புகளையும் தளத்தின் ஒப்பீட்டுப் பக்கத்தில் கொடுத்தால் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அதே நிகழ்வை இரண்டிலும் தேடி, காலஅளவு குறைந்திருக்கிறதா, ரீஃப்ளோ கோடுகள் ஒன்றிரண்டாகச் சுருங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மரத்தின் உச்சியில் இப்போது வேறொரு பெயர் வந்து நிற்கும். அடுத்து அதைப் பிரியுங்கள்.