வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்திருக்கிறதா? முதல் நாளிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், சிலிண்டரை ஹாலில் இறக்கிய பையன் ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, "திருகினா வரும் சார்" என்று சொல்லிப் போய்விட்டான். அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதே நிலையில் இருக்கும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன்.

இறக்கும்போதே பாருங்கள்

கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து. இந்தியாவில் மருத்துவ ஆக்சிஜனுக்கு நிற அடையாளம் இதுதான். முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது தொழிற்சாலைக்கானது, திருப்பி அனுப்பிவிடுங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனையின் தேதி சிலிண்டரில் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். நிமிர்த்தி வைத்து, ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்டுங்கள். விழுந்து வால்வு உடைந்தால் உள்ளிருக்கும் அழுத்தமே சிலிண்டரை எறிந்துவிடும்.

மாட்டும் முறை

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு அழுத்தமுள்ள ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கில் பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வால்வு இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு சொட்டுக்கூட எண்ணெய் விடாதீர்கள்.

2. ரெகுலேட்டரை மாட்டும் முன், வால்வின் வாய் யார் பக்கமும் இல்லாதபடி திருப்பி, ஒரு நொடி திறந்து மூடுங்கள். தூசி வெளியேறிவிடும்.

3. வாஷர் இருக்கிறதா என்று பார்த்து ரெகுலேட்டரை இறுக்குங்கள். ஃப்ளோமீட்டரை மூடி வைத்துக்கொண்டு வால்வை மெல்லத் திறங்கள். 'உஸ்' என்ற சத்தம் நிற்காவிட்டால் கசிகிறது என்று பொருள். மூடிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

4. தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் அல்லது கொதித்து ஆறிய நீரை, போட்டிருக்கும் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கும்படி ஊற்றுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள், பழைய நீரின் மேலேயே ஊற்ற வேண்டாம்.

5. ஃப்ளோமீட்டரின் குமிழைத் திருப்பும்போது உள்ளே சின்ன உருண்டை எழும்பும். அதன் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதுதான் அளவு. பாட்டிலில் குமிழிகள் வந்த பிறகே குழாயை மூக்கில் பொருத்துங்கள்.

எவ்வளவு வைப்பது?

நாங்கள் தவறியது இங்கேதான். டாக்டர் எழுதியது நிமிடத்துக்கு 2 லிட்டர். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 90 காட்டியதும் பயந்துபோய், 97 வரட்டும் என்று 4 லிட்டருக்கு ஏற்றிவிட்டோம். விடிந்ததும் அப்பாவுக்குத் தலைவலி. கூப்பிட்டால் 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமிலவாயு சேர்ந்துவிடும், அந்த மயக்கம் அதனால்தான் என்று டாக்டர் பிறகு விளக்கினார். பொதுவாக இவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும். மற்ற நோயாளிகளுக்கு இலக்கு வேறு. ஆக்சிஜனும் ஒரு மருந்துதான், மாத்திரையை நம் இஷ்டத்துக்கு இரண்டாக்குவோமா? உங்கள் நோயாளிக்கு எந்த எண் என்று கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். எழுப்பினாலும் தெளியாத உறக்கம், உதட்டில் நீலம், பேச முடியாத மூச்சிரைப்பு, இதில் எது கண்டாலும் உடனே 108.

விளக்கும் ஊதுபத்தியும்

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் எரிவதைப் பல மடங்கு மூட்டிவிடும். பீடி, சிகரெட், கொசுவர்த்தி, சாம்பிராணி, கேஸ் அடுப்பு எல்லாம் குறைந்தது 10 அடி தள்ளி இருக்கட்டும். அந்த அறையில் யாரும் புகைக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும் என்று அம்மா கேட்டபோது, சிலிண்டரை நகர்த்துவதைவிட விளக்கை நகர்த்துவது சுலபம் என்று சொல்லிச் சமையலறை மாடத்துக்கு மாற்றினோம்.

புடவை, போர்வை, தலைமுடி எல்லாம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றிய உடனே நோயாளி அடுப்பருகே போகக் கூடாது, 20 நிமிடமாவது காற்றாட இருக்க வேண்டும். ஓடும் குழாயை மெத்தையில் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போவதும் ஆபத்து. மூக்கு வறண்டால் வாசலினோ தைலமோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல்லைக் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை மணி நேரம் வரும்?

வீடுகளுக்குப் பெரும்பாலும் வரும் 'பி டைப்' சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். கேஜ் கிலோ கணக்கில் காட்டும் எண்ணை 10-ஆல் பெருக்குங்கள். 100 என்றால் 1,000 லிட்டர். கையிருப்பாக 200-ஐக் கழித்தால் 800. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. இரவு 10 மணிக்கு முள் 100-ல் நின்றால் விடியற்காலை நாலரைக்கே எழுந்து மாற்ற வேண்டியிருக்கும். படுக்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

அடைக்கும்போது

முதலில் குழாயைக் கழற்றி, வால்வை மூடுங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஃப்ளோமீட்டரை மூடுங்கள். காலி சிலிண்டரில் சாக்பீஸால் 'காலி' என்று எழுதித் தனியே வையுங்கள். ஸ்பேனரை ஒரு கயிற்றில் கோத்துச் சிலிண்டரிலேயே கட்டிவிடுங்கள். நள்ளிரவில் அதைத் தேடி நாங்கள் அலமாரி முழுக்கக் கொட்டியிருக்கிறோம்.