கால் பழகினால் கார் பழகும்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில் நம்மில் சிலர் தையல் பழகுகிறோம். சிலர் கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் போகிறோம். அந்தப் பட்டியலில் கார் ஓட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதையும் கையால் கியர் மாற்றும் காரிலேயே பழகுங்கள் என்று தங்கைமாரிடம் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அனுமதிக்கத் தயங்கும் பெற்றோரிடமும் சில வார்த்தைகள் உண்டு.

மாம்புரியின் பல வீடுகளில் வாப்பா கடலில் இருப்பார். நானா கட்டாரிலோ குவைத்திலோ இருப்பார். முற்றத்தில் வாகனம் நிற்கும், ஓட்டத்தான் ஆள் இருக்காது. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால் பாலாவிச் சந்தி தாண்டிப் புத்தளம் ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்நேரத்தில் அயல்வீட்டுக் கதவைத் தட்டிக் காத்திருப்பதா, சாவியை எடுப்பதா என்பதுதான் கேள்வி. முற்றத்தில் நிற்பது ஓட்டோ கியர் காராகத்தான் இருக்கும் என்று யாரும் உறுதி தந்ததில்லை. பழைய வேனாக இருக்கலாம். மெனுவல் கியர் தெரிந்தவருக்கு இரண்டும் கைவரும்.

எனக்குக் கற்றுத் தந்தவர் என் சாச்சா. வாகனம் திருத்துவது அவர் தொழில். பழகியது வீட்டு மாருதி அல்டோவில். அனுமதிப்பத்திரம் பெற்று ஓராண்டு ஆனபின், அவருடைய நண்பரின் சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரை, உரிமையாளரின் சம்மதத்துடன், ஒரு மூடிய வளவுக்குள் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அல்டோவின் வலு 50 குதிரைவலுவுக்கும் குறைவு. அந்தச் சுபாருவின் வலு ஏறத்தாழ 240. வலுக்கூடிய காருக்கென்று தனி வித்தை எதுவும் இல்லை, சிறிய காரில் பழகிய கால்தான் அங்கும் வேலை செய்கிறது என்பதே நான் அன்று கற்ற பாடம். மென்மையான காலை அந்தக் கார் மென்மையாகவே காட்டும்; முரட்டுக் காலை ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

என்ஜின் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். சில்லுகளோ சில வேளை நிற்கும், சில வேளை ஓடும். சுற்றும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் அடித்துச் சேர்க்காமல் உரசிச் சேர்ப்பதே கிளட்சின் வேலை. கால் அழுத்தினால் இரு தட்டுகளும் பிரியும். காலை உயர்த்தினால் சேரும். இடையில் அவை உரசத் தொடங்கும் ஓர் இடம் உண்டு. என்ஜின் சத்தம் சற்றுத் தாழும், காரின் மூக்கு சிறிது நிமிரும். அதுவே பிடிக்கும் இடம். மெனுவல் கார் ஓட்டுவதன் பாதி இரகசியம் அந்த இடத்தை இடது கால் அறிந்துவைத்திருப்பதில் இருக்கிறது.

ஓட்டத் தொடங்குமுன்

கிளட்சை அடிவரை அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடிந்திருக்குமாறு இருக்கையை முன்னே நகர்த்துங்கள். கால் முழுதாக நீண்டுவிட்டால் நுண்ணிய அசைவு வராது. அபாயாவின் கீழ்விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கி, தொடைக்கடியில் மடித்துக்கொள்ளுங்கள். மிதிக்கும் துணி பெடலுக்கும் செருப்புக்கும் இடையில் சிக்கினால் பிரேக் தேவைப்படும் கணத்தில் கால் நகராது. தடித்த அடியுள்ள செருப்பும் குதியுயர்ந்த செருப்பும் வேண்டாம். மெல்லிய அடியுள்ள சப்பாத்தே நல்லது. ஸ்கார்பைக் குத்தியபின் தலையை இரு தோள்பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். இருக்கைப்பட்டி போட்டபின் கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். பிஸ்மி சொல்வதற்கும் சாவியைத் திருப்புவதற்கும் இடையில் இவ்வளவுக்கும் அரை நிமிடம் போதும்.

முதல் வாரம்: வலது காலுக்கு ஓய்வு

சாச்சா முதல் வாரம் என்னை எக்ஸிலேட்டரைத் தொடவே விடவில்லை. தென்னந்தோட்டத்தின் சமதரையில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மட்டும் மிக மெதுவாக உயர்த்தி, பிடிக்கும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, கார் தானாக நகர்ந்தபின் மீதியை விடச் சொன்னார். அழுத்தி நிறுத்தினால் மீண்டும் முதலிலிருந்து. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் வாரக் கடைசியில் என் கால் எண்ணாமலே அந்த இடத்தைக் கண்டுகொண்டது. எக்ஸிலேட்டர் சேர்ந்தபோது அதிகம் கற்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கால் எழும் அளவுக்கு மறுகால் தாழ வேண்டும், தராசின் இரு தட்டுகளைப் போல.

நன்றாக ஓட்டுகிறோமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கியர் மாற்றும்போது பின்னிருக்கையில் இருப்பவரின் தலையைக் கண்ணாடியில் பாருங்கள். தலை முன்னும் பின்னும் ஆடினால் உங்கள் கால் முரடு. எங்கள் உம்மும்மா நுரைச்சோலைச் சந்தைக்குப் போய்வரும் வழியில் உறங்கிவிட்ட நாளில்தான் சாச்சா என்னைப் பரீட்சைக்கு அனுப்பலாம் என்றார்.

கியர் மாற்றம் ஒரு கணக்கு

பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது இனிக்கும். சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சில்லு ஒரு தடவை சுற்ற, முதல் கியரில் என்ஜின் சுமார் 14 தடவை சுற்ற வேண்டும். இரண்டாவதில் 8, மூன்றாவதில் ஐந்தரை, நான்காவதில் 4. காருக்குக் கார் எண்கள் சற்று மாறும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 தடவை சுற்றும். அப்படியானால் மூன்றாவது கியரில் என்ஜின் 1900 சுற்றுக்குச் சற்று மேலே இருக்கும். அதே வேகத்தில் இரண்டாவதுக்கு இறங்கினால் அது 2800 சுற்றுக்கு ஏற வேண்டும்.

அந்த 900 சுற்று எங்கிருந்து வரும்? கிளட்சை அப்படியே விட்டால் சில்லுகள் என்ஜினை இழுத்து ஏற்றும். கார் குலுங்கும், தலைகள் ஆடும், கிளட்ச் தேயும். மாறாக, கிளட்ச் அழுத்தியிருக்கும்போதே எக்ஸிலேட்டரை ஒரு சிறு தட்டுத் தட்டி என்ஜினை 2800 அளவுக்கு உயர்த்திவிட்டுக் கிளட்சை விட்டால் இரு தட்டுகளும் ஒரே வேகத்தில் சந்திக்கும். குலுக்கமே இராது. பந்தயக்காரர்கள் பிரேக்கை அழுத்தியபடியே அதே பாதத்தின் ஓரத்தால் எக்ஸிலேட்டரைத் தட்டுவதும் இதற்காகத்தான். வீதியில் அந்த வித்தை நமக்குத் தேவையில்லை. வேகத்தை முதலில் பிரேக்கால் குறைத்து, பிறகு கியரை இறக்கினால் போதும்.

கியர் தடியைக் கைப்பிடிக்குள் இறுக்கி இழுக்காதீர்கள், உள்ளங்கையால் தள்ளுங்கள். மாற்றி முடிந்ததும் கை ஸ்டியரிங்குக்குத் திரும்ப வேண்டும். தடியின்மேல் கையை ஓய்வாக வைப்பதும், கிளட்சின்மேல் பாதத்தை ஓய்வாக வைப்பதும் உள்ளே பாகங்களைத் தேய்க்கும். மலைநாட்டுக்குச் சுற்றுலா போகும்போது இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது ஆபத்து. குறைந்த கியரில் இறங்கினால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறித் தளராது.

உள்ளங்கையளவு பிடி

ஒரு காரை வீதியோடு பிணைத்திருப்பது நான்கு டயர்களின் அடிப்பகுதி மட்டுமே. ஒவ்வொன்றும் வீதியைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு விரித்த கையின் அளவு. பிரேக் பிடிப்பது, திரும்புவது, வேகம் கூட்டுவது ஆகிய மூன்றுக்கும் அந்தப் பிடியிலிருந்தே எடுத்துச் செலவழிக்கிறோம். திரும்பும்போதே கடுமையாகப் பிரேக் பிடித்தால் இரண்டு செலவு ஒன்றாக விழும், பிடி தீர்ந்துபோகும். ஆகவே ஒழுங்கு இதுதான்: நேரான பாதையில் பிரேக், பின் கியர், பின் திருப்பம், ஸ்டியரிங் நேராக வரவர எக்ஸிலேட்டர்.

பிரேக்கையும் உதைக்கக் கூடாது. முதலில் மெல்ல அழுத்தினால் காரின் பாரம் முன்சில்லுகளுக்கு நகரும், நகர்ந்தபின் அவை அதிகம் தாங்கும், அப்போது இறுக்கலாம். நிற்கும் கடைசிக் கணத்தில் சற்றுத் தளர்த்தினால் கார் தலைவணங்காமல் நிற்கும். அவசரம் வேறு. ஏ.பி.எஸ். உள்ள காரில் ஆள் குறுக்கே வந்தால் பிரேக்கை முழுப்பலத்துடன் அழுத்தி விடாமல் பிடியுங்கள். பெடல் காலடியில் துடித்தாலும் தளர்த்தாதீர்கள்.

வலுக்கூடிய காரில் மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, டர்போ. கால் அழுத்தியதும் முழு வலு வராது. சற்றுத் தாமதித்து ஒரேயடியாக வரும். வரவில்லையே என்று மேலும் அழுத்துபவரின் கார் திருப்பத்தின் நடுவே பாயும். அழுத்திவிட்டுப் பொறுத்திருக்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, கிளட்ச். அதிக வலுவைத் தாங்க அதன் சுருளி கடுமையாக இருக்கும். பிடிக்கும் இடம் குறுகியிருக்கும். முதல் வாரப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, தவறான கியர். முன்சொன்ன கணக்கின்படி மணிக்கு 100 கிலோமீற்றரில் நான்காவது கியரில் என்ஜின் 3500 சுற்று. அவசரத்தில் கை நான்காவதுக்குப் பதிலாக அருகிலுள்ள இரண்டாவதுக்குப் போனால் 7000. பெரும்பாலான என்ஜின்களுக்கு அதுவே எல்லை, அல்லது எல்லைக்கு அப்பால். என்ஜின் உடையலாம், சில்லுகள் இறுகிக் கார் சுழலவும் கூடும்.

வேகத்தின் விலை

ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று கொள்வோம். காய்ந்த நல்ல வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார் நிற்க மொத்தம் 28 மீற்றர் அளவு வேண்டும். வேகம் 100 ஆனால் தூரம் 56 அல்ல, 80 மீற்றருக்கும் மேல். வேகம் இரு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்று நாம் வகுப்பில் எழுதியது இதுதான்.

எங்கள் கற்பிட்டி வீதியில் இன்னும் கவனம் வேண்டும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஓரத்து மணல் தாரின்மேல் படியும். அதன்மேல் டயரின் பிடி வெகுவாகக் குறையும். தென்னந்தோப்பின் மறைவிலிருந்து வெட்டவெளிக்கு வரும்போது காற்று பக்கவாட்டில் அறையும். காற்றாலைகள் வேகமாகச் சுழல்வதைக் கண்டால் இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். கழுதைகள் வீதியில் நிற்கும்; மரக்கறி ஏற்றிய உழவு இயந்திரம் பின்விளக்கில்லாமல் போகும்; பாடசாலை விட்ட பிள்ளைகள் துவிச்சக்கர வண்டியில் இருவர் இருவராக வருவார்கள். இவர்களில் எவருக்கும் உங்கள் காரின் குதிரைவலு தெரியாது.

வேகத்துக்கென்றே அமைத்த இடத்திலும் விலை கொடுக்க நேரிடும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. ஏழு உயிர்கள் பறிபோயின; அதில் ஓர் எட்டு வயதுச் சிறுமியும் அடக்கம். அது பயிற்சி பெற்ற சாரதிகள் ஓடிய பாதை. மணலும் கழுதையும் பிள்ளைகளும் உள்ள நம் வீதி பந்தயத்துக்குரியதல்ல.

முதல் நெடும்பயணம் ஒரு பெண்ணுடையது

உலகில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனவர் ஒரு தாய். 1888 ஓகஸ்டில் பெர்தா பென்ஸ் தம் இரு மகன்மாருடன் ஜேர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இறக்கங்களில் மரப் பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அறையச் செய்தார். மேடுகளில் மகன்மார் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததால், இன்னொரு கியர் வேண்டும் என்று கணவர் கார்ல் பென்ஸிடம் சொன்னார், அது சேர்க்கப்பட்டது. நாம் இன்று மாற்றும் கியரில் அவருடைய அனுபவமும் இருக்கிறது.

சென்னையின் அலிஷா அப்துல்லா கார், மோட்டார் சைக்கிள் இரண்டிலும் பந்தயம் ஓடிப் பெயர் பெற்றவர். சவூதி அரேபியாவில் பெண்கள் வாகனம் ஓட்டும் அனுமதி 2018 ஜூன் 24இல் நடைமுறைக்கு வந்த அன்றே, அந்நாட்டின் அஸீல் அல்ஹமத் பிரான்ஸில் போர்முலா வன் கார் ஒன்றை ஓட்டிக் காட்டினார்.

பெற்றோருக்கு

மகள் கார் ஓட்டினால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. உம்மாதான் அதை முடித்துவைத்தார். “கடல்ல நீங்க இருக்கக்குள்ள புள்ளைக்கு வருத்தம் வந்தா ஊரா ஓட்டும்?” என்று வாப்பாவிடம் கேட்டார். வாப்பா மறுநாளே மருத்துவச் சான்றிதழுக்கு என்னைக் கூட்டிப் போனார்.

பதினெட்டு வயது நிறையட்டும். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, கற்கும் சாரதிக்கான அனுமதி, செய்முறைப் பரீட்சை என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒழுங்கிலேயே போகட்டும். வாப்பாவோ சாச்சாவோ மாமாவோ, கோபப்படாத ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அதட்டும் குரல் கேட்டால் கிளட்சிலுள்ள கால் நடுங்கும். வீட்டில் ஆண்பிள்ளை வேகமான கார் கேட்டால், முதலில் சிறிய காரில் உம்மும்மாவை உறங்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தங்கைமாரே, வேகம் எக்ஸிலேட்டரை அழுத்தும் எவருக்கும் வரும். அதை ஒருவருக்கும் நோகாமல் கூட்டவும் குறைக்கவும் ஐம்பது ஐம்பதாகப் பழகிய காலுக்குத்தான் தெரியும். வீட்டுச் சாவிக்கொத்தில் கார்ச் சாவியும் உங்கள் கைக்கு வரும் நாளில் அந்தக் கால் உங்களிடம் தயாராக இருக்கட்டும்.