ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கு, பார்!

தங்கச்சி, வீட்டில் யாராவது விபத்தில் அடிபட்டால் முதலில் 108. செலவை நினைத்துத் தயங்காதே. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் நம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டு, இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் கிடைக்கும்.

நஷ்டஈடு வழக்கு கோர்ட்டில் தொடங்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது தொடங்குவது கேஷுவாலிட்டியில். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையானாலும் திண்டிவனம் ஜி.எச். ஆனாலும், டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. கூட்டி வந்தவர் பதற்றத்தில் "பைக்கிலிருந்து விழுந்துட்டார்" என்றால் அப்படியே பதிவாகிவிடும். இடித்த லாரியே அதில் இருக்காது. பிறகு குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். அதனால் எந்த இடம், எத்தனை மணி, என்ன வண்டி, தெரிந்தால் நம்பர், இவ்வளவையும் நிதானமாகச் சொல். தெரியாததைச் சேர்க்காதே. பொய்யாக ஒரு வண்டி நம்பரைக் கொடுத்தால் வழக்கும் போகும், கிரிமினல் வழக்கும் வரும்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதே, எஃப்.ஐ.ஆர். கேள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். ஜிப்மருக்கு அனுப்பினால் அங்கே தரும் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில், ஆட்டோவுக்குக் கொடுத்த கணக்கு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை.

வார்டுக்கே வந்து "கேஸை நான் பார்த்துக்கறேன், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஒருவர் நிற்பார். வலியில் இருப்பவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதைப்போல எனக்குக் கோபம் வரவைப்பது வேறில்லை. போடாதே. வக்கீலை நீயே போய்ப் பார், வக்காலத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடு. ஃபீஸ் கொடுப்பது நியாயம். ஆனால் தீர்ப்புத் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதி தடுக்கிறது. அமெரிக்காவில் அது சட்டப்படி நடக்கும், இங்கே கூடாது.

சாலை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் நஷ்டஈட்டு மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த மாற்றம். போலீஸ் 90 நாளில் நஷ்டஈட்டு வழக்கைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு விரிவான அறிக்கை அனுப்ப வேண்டும்தான். அதை நம்பி சும்மா இருக்காதே. விபத்து தாம்பரத்தில் நடந்திருந்தாலும், நீ குடியிருப்பது திண்டிவனம் என்றால் இங்கேயே மனு போடலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டி கிடைக்கவே இல்லையா? கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போ. இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் என்று தனித் திட்டம் இருக்கிறது. அரசு பஸ் என்றால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேட வேண்டியதில்லை, போக்குவரத்துக் கழகமே எதிர்மனுதாரர். பணம் கட்டாவிட்டால் பஸ்ஸையே ஜப்தி செய்யலாம். பேப்பரில் அந்தப் படத்தை நீயும் பார்த்திருப்பாய்.

"கூலி வேலைக்கு ஏது சம்பளச் சீட்டு?" என்று பின்வாங்காதே. விபத்தில் காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரி வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் ரசீது இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று எடுத்துக்கொண்டது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021-இல் சொன்னது. "சும்மாதான் இருந்தாங்க" என்று நீயே வாக்குமூலம் கொடுத்துவிடாதே!

விபத்து வேலை செய்யும் இடத்தில் நடந்தால் பாதை வேறு. கல் குவாரி, ரைஸ் மில், சித்தாள் வேலை, மரக்காணம் உப்பளம், லாரி டிரைவர், கிளீனர், எல்லோருக்கும் இந்தப் பாதை பொருந்தும். தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, அடிப்படை அப்படியே இருக்கிறது. முதலாளி தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையால் வந்த காயம் என்று காட்டினால் போதும். டிரைவர் தன் கவனக்குறைவால் கவிழ்த்திருந்தாலும் இந்த வழியில் கேட்கலாம். மேஸ்திரி மூலம் போனவரென்றால் மேலே இருக்கும் காண்டிராக்டரும் பொறுப்பு. கெடு 2 ஆண்டு. சாலை விபத்தாகவும் இருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் இ.எஸ்.ஐ. அலுவலகம்தான்.

வேலையில் ஒருவர் இறந்துவிட்டால், எழவு வீட்டில் நடக்கும் பஞ்சாயத்தில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. காரியச் செலவோடு லட்ச ரூபாயைக் கையில் வைத்து, "இனி கேஸ் கீஸ் வேணாம்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார். 30 வயதுக்காரர், மாதம் 15,000 ரூபாய் சம்பளம். அதில் பாதி 7,500. அந்த வயதுக்குச் சட்டம் தரும் காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். இறப்பு இழப்பீட்டை முதலாளி இந்தச் சட்டத்தின் கீழுள்ள அதிகாரியிடம் கட்ட வேண்டும், நேரில் கொடுத்தது இழப்பீடாகாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டியும் சேரும். எங்கே மனு போடுவது என்று விழுப்புரம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேள்.

வக்கீலுக்குப் பணமில்லையென்றால் விழுப்புரம் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, திண்டிவனத்தில் வட்டக் குழு. போன் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. லோக் அதாலத்தில் சீக்கிரம் முடியும், ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு அப்பீல் இல்லை. ஆறாத எலும்பு, இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தால் அவசரப்படாதே.

தொகை வரும்போது உன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கைக் கொடு. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்திட்ட செக் எதையும் யாரிடமும் விட்டு வைக்காதே. பிள்ளைகளின் பங்கை 18 வயதுவரை வங்கியில் டெபாசிட்டாகப் போடச் சொல்வார்கள். நடுவில் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ தேவைப்பட்டால் அதே கோர்ட்டில் மனு போட்டு எடுக்கலாம்.